கண்ணாடி இழைக்கு முன்னே மின்கம்பி

ஓர் ஊருக்கு இணையத் தொடர்பு கிட்டிவிட்டது என்று எந்த நாளில் கூறலாம்? கண்ணாடி இழை வடம் ஊர் எல்லையை எட்டிய நாளிலா, கருவிப் பெட்டி நிறுவப்பட்ட நாளிலா, அப்பெட்டி இயங்கத் தொடங்கிய நாளிலா? மக்களைப் பொறுத்தவரை மூன்றாவது நாளே கணக்கில் சேரும். ஆனால் வடத்தின் நீளத்தையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் அளப்பது எளிது. ஆதலின் முன்னேற்ற அறிக்கைகளில் முதலிரண்டு நாட்களே எளிதில் இடம்பிடித்து விடுகின்றன. இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையே நேரும் தாமதத்திற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று மின் இணைப்பு.

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையில் உள்ளது பாலாறு. வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் கலக்கும் சிற்றாறு. முன்னர் மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1997-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியது. சூழ்ந்துள்ள காடுகள் 2013-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

மின்சார வரலாற்றில் இவ்வட்டாரத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. கீழே மேட்டூரில் நீர்மின் நிலையங்களும் அனல்மின் நிலையமும் உள்ளன. நெடுந்தொலைவுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கலை இங்கு நூறாண்டைக் கடந்த கலை. கடைசிச் சில நூறு மீட்டர்களே இன்றைய சிக்கல்.

பெட்டிக்கு மின்சாரம் எதற்கு?

கண்ணாடி இழையில் செல்வது ஒளி. வடத்திற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் ஒளியைப் பெற்றுப் பிரித்து, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வழங்கும் கருவிகள் மின்சாரத்தால் இயங்குபவை. பிரிட்டனில் தெருவோரப் பெட்டிவரை கண்ணாடி இழையும் அங்கிருந்து வீடுவரை பழைய செம்புக் கம்பியுமாக அகன்ற அலைவரிசை வழங்கப்பட்டபோது, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மின் இணைப்பு தேவைப்பட்டது. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று, மின் வழங்கும் நிறுவனம் மற்றொன்று. ஒன்றின் பணிக்கு மற்றொன்று காத்திருக்க நேர்ந்தது. ஆகவே இது நமக்கு மட்டும் உரிய குறையன்று.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற தேசியக் கண்ணாடி இழைத் திட்டம், பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதன் முதற்கட்டத்தில் வட்டார அளவில் முதன்மைக் கருவியும், ஊராட்சியில் முனையக் கருவியும் வைக்கப்பட்டன. இடையில் ஒளியைப் பிரிக்கும் பகுப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. மின்சாரம் நிலையற்ற நாட்டுப்புறத்திற்கு ஏற்ற தெரிவு இது. 2017 டிசம்பரில் ஒரு இலட்சம் ஊராட்சிகளுடன் முதற்கட்டம் நிறைவுற்றது.

2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் வளைய அமைப்பைக் கொண்டது. வடம் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்தின் வழியாகத் தொடர்பு நீடிக்கும். இது பெரும் முன்னேற்றம். அதே வேளையில், ஊராட்சிகளில் வைக்கப்படும் திசைவிகள் மின்சாரம் இன்றி இயங்கா. எனவேதான் மின்காப்பு வசதியும் பத்தாண்டுப் பராமரிப்பும் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. எனினும் மின்காப்பு என்பது மின் இணைப்பிற்குத் துணையே அன்றி மாற்று ஆகாது.

காலம் எங்கே கழிகிறது?

ஒரு பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் சிறிதளவே. ஆனால் விண்ணப்பம், இடப் பார்வை, செலவு மதிப்பீடு, பணம் செலுத்துதல், கம்பம் நடுதல், கம்பி இழுத்தல், மீட்டர் பொருத்துதல் என்னும் படிகள் பெரிய இணைப்புக்கும் சிறிய இணைப்புக்கும் ஏறத்தாழ ஒன்றே. பெட்டி நின்ற பிறகே முதற்படி தொடங்கினால், அத்தனை படிகளின் காலமும் தாமதமாகவே முடியும்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, விண்ணப்பித்த ஒரு மாதத்திற்குள் மின்சாரம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். 2024-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் இக்காலத்தை மாநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிகளில் 7 நாள், ஊரகங்களில் 15 நாள் எனக் குறைத்தன. மலைப்பாங்கான ஊரகங்களுக்கு 30 நாள் உண்டு. ஆயின் மின்தொடரை நீட்டிக்க வேண்டிய இடத்தில் அந்த நீட்டிப்புக்கு ஒழுங்குமுறை ஆணையம் குறிக்கும் காலமே பொருந்தும். தொலைவிலுள்ள ஊர்கள் பெரும்பாலும் இவ்விதிவிலக்கில்தான் அடங்குகின்றன.

பாலாறு போன்ற ஊர்களில் மேலும் இரு காரணங்கள் சேரும். முதலாவது எல்லை. மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேசுவரி மின் வழங்கல் கழகத்தின் பகுதி இது. அருகிலுள்ள மின்கம்பம் தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும், உரிமப் பகுதியைக் கடந்து இணைப்புத் தருவது வழக்கமன்று. இரண்டாவது காடு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையுடன், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைச் சில பொது வசதிகளுக்கு வழங்க இடமளிக்கிறது; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. சரணாலயமாயின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தேவைகள் தனி. இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்வசதிகளின் பட்டியலில் மின்தொடரும் தொலைத்தொடர்புத் தொடரும் ஒரே இனமாகவே குறிக்கப்பட்டுள்ளன. சட்டம் இணைத்து வைத்ததை நிர்வாகம் இரண்டு கோப்புகளாகப் பிரித்து நடத்துவது தேவையற்றது.

தாமதத்தின் விலை

இயங்காத பெட்டி, முடங்கிய முதலீடு. வாங்கிய கருவியின் உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்னேற்றம் பெறாத ஈய அமில மின்கலங்கள் பயன்படுத்தப்படாமலே கெடுகின்றன. இவை ஏட்டில் வரும் இழப்புகள். விரல்ரேகை பதியாமையால் நியாயவிலைக் கடையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பும் முதியவரின் ஒரு நாள் கூலியும், விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடும் மாணவியின் வாய்ப்பும் எந்த ஏட்டிலும் வருவதில்லை. பேருந்து ஏறி நகரம் செல்ல வேண்டிய மலையூர்களில் இவ்விழப்பு மேலும் மிகுதி.

செய்யத்தக்கவை

இடம் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்றே மின் இணைப்புக்கு விண்ணப்பித்தல் முதற்கடமை. வடம் பதிக்கும் மாதங்களிலேயே மின்பணியும் நடைபெறுமாயின், கூடுதல் செலவின்றியே காலம் மிஞ்சும். தொலைத்தொடர்பு, மின்சாரம், வனம், ஊராட்சி ஆகிய நான்கு தரப்பினரும் ஒரே நாளில் இடத்தைப் பார்வையிட்டு ஒரே அறிக்கையில் கையொப்பமிடலாம். ஏற்கெனவே மின்சாரம் உள்ள பள்ளி, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றை ஒட்டியே பெட்டியை அமைத்தால் கம்பமே தேவைப்படாது. மின்கட்டணம் செலுத்துவோர் யார் என்பதும் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். இல்லையேல் கிடைத்த இணைப்பும் நிலுவையால் துண்டிக்கப்படும். சூரிய மின்தகடுகள் உதவும். ஆனால் மர நிழலும் மழைக்காலமும் கருதி அவற்றின் அளவைக் கணக்கிடல் வேண்டும்.

யாவற்றிலும் முதன்மையானது அளவுகோலை மாற்றுவது. ஒப்பந்தக்காரருக்குரிய தொகையின் ஒரு பகுதி, பெட்டி நின்றதற்காக அன்றி, குறித்த காலம் இடைவிடாது இயங்கியதற்காக வழங்கப்பட வேண்டும். முன்னேற்ற அறிக்கையிலும் அதே நாளே பதிவாக வேண்டும். அப்போது மின் இணைப்பு யாருடைய வேலை என்ற கேள்விக்கு இடமிராது. அது அனைவருடைய வேலையாகவும் ஆகிவிடும்.