வண்டலூரில் பிறந்த ஹெரால்டு!

குழந்தைகளே, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது. புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீள நீளமான லாரிகள் வரிசையாகப் போகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ, நிசான் கார்களுக்கான ஆலை 2010-ல் வந்தது. இன்று உலகின் பல நாடுகளுக்கு இங்கிருந்து கார்கள் கப்பலேறுகின்றன.

இந்த ஆலைகள் எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே, இதே வட்டாரத்தில் ஒரு கார் பிறந்தது. அதன் பெயர் தெரியுமா? 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. ஒரகடத்திலிருந்து வண்டலூர் சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால், வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூர் வரும். அங்கேதான் 'ஸ்டாண்டர்டு மோட்டார்' நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1961-ம் ஆண்டு முதல் அங்கே ஹெரால்டு கார்கள் தயாராயின. அந்த நாளில் நம் சாலைகளில் பெரும்பாலும் அம்பாசடர், பியட், ஹெரால்டு என மூன்று வகைக் கார்களைத்தான் பார்க்க முடியும். ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை!

பந்தயக் காரின் அண்ணன்

ஹெரால்டு முதலில் இங்கிலாந்தில் 1959-ல் அறிமுகமானது. அதன் அழகிய உருவத்தை வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கலோட்டி. இந்தக் காரின் அடிச்சட்டத்தைச் சற்றுக் குட்டையாக்கி, மேலே இருவர் மட்டும் உட்காரும் உடலைப் பொருத்தினார்கள். அதுதான் 1962-ல் வெளிவந்த 'ட்ரையம்ப் ஸ்பிட்பயர்' என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். அப்படியானால் ஹெரால்டு யார்? ஸ்பிட்பயரின் அண்ணன்!

தம்பியின் துடிப்பு அண்ணனிடமும் உண்டு. ஹெரால்டு ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்ப சுமார் ஏழரை மீட்டர் இடம் போதும். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றுக்கே ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயங்கள் நடந்தன. அங்கே ஹெரால்டு கார்களும் சீறிப் பாய்ந்தன. பிறகு 1990-ல் பந்தயக் களம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டது.

ஹெரால்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. முன்பக்க மூடி, இரு பக்க மட்கார்டுகள் எல்லாம் ஒரே துண்டாக, முதலை வாயைத் திறப்பதுபோல முன்னோக்கித் திறக்கும். உடனே இன்ஜின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உடலின் பகுதிகளைத் தனித்தனியாகச் செய்து போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். ஒரு பகுதி துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம்.

நின்றால் கெடும்!

ஐம்பது, அறுபது வயதுக் காரை வைத்திருப்பவர்கள் அதை எப்படிப் பாதுகாக்கிறார்கள்? 'ஷெட்டில் பூட்டி, துணி போட்டு மூடி வைத்துவிட்டால் பத்திரமாக இருக்குமே' என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! கார் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம்.

ஏன் தெரியுமா? பேட்டரி தானாகவே வலுவிழக்கும். பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசின் போலாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் உள்ளே துருப்பிடிக்கும். ஒரே இடத்தில் நிற்கும் டயரின் அடிப்பகுதி தட்டையாகும். போதாக்குறைக்கு எலி வந்து வயரைக் கடிக்கும்! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், பழைய காரை அவ்வப்போது வெளியே எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுகிறார்கள்.

படித்த பாடத்தைத் திருப்பிப் பார்க்காவிட்டால் மறந்துபோகும் என்று வகுப்பில் சொல்லுவேனே, அதே கதைதான்!

ஆசிரியரும் அவரது காரும்

ஒரே ஸ்போர்ட்ஸ் காரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்லட்டுமா? அவரும் என்னைப்போல ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அறிவியல் பாடம் நடத்திய இர்வ் கார்டன்தான் அவர்.

வால்வோ என்றதும் உங்களுக்கு பஸ்தானே நினைவுக்கு வரும்? அந்த நிறுவனம் செய்த 'பி 1800 எஸ்' என்ற சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரை 1966-ல் அவர் வாங்கினார். தினமும் பள்ளிக்குப் போய்வர மட்டுமே சுமார் 200 கிலோ மீட்டர் ஓட்டினார். விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் பயணம். 1987-ல் பத்து லட்சம் மைலைத் தொட்டார். 2002-ல் இருபது லட்சம். 2013 செப்டம்பரில், அலாஸ்காவில் முப்பது லட்சம் மைல்! அதாவது 48 லட்சம் கிலோ மீட்டர். ஒரே உரிமையாளர் ஒரே காரில் இவ்வளவு தூரம் ஓட்டியது உலக சாதனை. 2018-ல் அவர் காலமானார்.

அவரிடம் மந்திரம் எதுவும் இல்லை. காருடன் கொடுத்த கையேட்டில் சொன்னபடி, உரிய நேரத்தில் ஆயில் மாற்றினார். சின்னச் சத்தம் வித்தியாசமாகக் கேட்டாலும் உடனே கவனித்தார்.

இனி ஹெரால்டு என்னவாகும்?

வண்டலூர்ப் பக்கத்து ஆலை 1980-களின் இறுதியில் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி ஒரு புது ஹெரால்டு பிறக்காது. உதிரி பாகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருப்பவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், நம் ஊர்த் தொழிலாளர்கள் தங்கள் கையால் செய்த காரை நாம் படத்தில்தான் பார்க்க முடியும்.

அதே சமயம், பழைய காரில் புகை அதிகம்; இன்றைய பாதுகாப்பு வசதிகளும் அதில் கிடையாது. இரண்டையும் யோசித்து மத்திய அரசு 2021-ல் ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவிலேயே காப்பாற்றப்பட்ட கார்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டிச் செல்லலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். ஆனால், அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

'அசல் வடிவம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேறு காரின் இன்ஜினைப் பொருத்தினால் ஹெரால்டு வேகமாக ஓடலாம். ஆனால், 1961-ல் நம்மவர்கள் எப்படிக் கார் செய்தார்கள் என்பதை அது நமக்குச் சொல்லாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய கார், ஸ்கூட்டர், ஏன், சைக்கிள் இருந்தால்கூடப் போதும். எந்த ஆண்டு வாங்கியது, எங்கே செய்தது, யார் யார் ஓட்டினார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். வண்டி ஒருநாள் போய்விட்டாலும் அதன் கதை உங்களிடம் இருக்கும்.

கணக்குப் போடுங்கள்: பூமியின் சுற்றளவு சுமார் 40 ஆயிரம் கிலோ மீட்டர். கார்டன் 48 லட்சம் கிலோ மீட்டர் ஓட்டினார் என்றால், பூமியை எத்தனை முறை சுற்றியதற்குச் சமம்?

(விடை: 120 முறை)