அன்னையார்க்கு ஒரு சிறு கணினி

காலஞ்சென்ற தந்தையார் பேசும் குடும்ப ஒளிப்பதிவுகள் யாவும் என் மடிக்கணினியிலேயே கிடந்தன. அவற்றைக் காண விழையும் போதெல்லாம் அன்னையார் என் வரவை எதிர்பார்த்திருப்பார், கேட்கவும் கூசுவார். அக்கூச்சமே, தொலைக்காட்சியோடு இணைக்கத்தக்க சிறு கணினியொன்றைத் தேட என்னைத் தூண்டியது.

கடையில் வேகமிக்க பொறிகளையே முதலிற் காட்டினர். அவற்றுள் விசிறிகள் இரைந்தன. செவிப்புலன் குன்றிய அன்னையார்க்கு அவ்விரைச்சல் பேச்சையே மறைத்துவிடும். அவருக்கு வேண்டியது வேகமன்று, அமைதியே. ஆதலின், உள்ளங்கையில் அடங்கும் 'ராஸ்பெரி பை 4' என்பதைத் தேர்ந்தேன். 2019இல் வெளிவந்த அது, வெப்பத்தை வாங்கி வெளிவிடும் உலோகப் பேழையில் இட்டால் விசிறியின்றியே இயங்கும்.

2002இல் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பொறிக்கெனத் தோன்றிய மென்பொருளொன்று, 2014 முதல் 'கோடி' என்னும் பெயரோடு வழங்குகின்றது. அதனை நினைவட்டையிற் பதித்தேன். இயக்கியதும் திரையில் மின்னற் குறி தோன்றித் தோன்றி மறைந்தது. மின்வலு போதாமையின் எச்சரிக்கை அது. கைத்தொலைபேசியின் மின்னேற்றியைப் பொருத்தியது என் பிழை. 5 வோல்ற்றில் 3 அம்பியர் தரும் மின்வழங்கியை இணைத்ததும் குறை தீர்ந்தது. எச்.டி.எம்.ஐ. வடத்தின் வழியே எமது தொலைக்காட்சி தன் கட்டளைகளையும் அனுப்புமாதலால், அன்னையாரின் கைக்குப் பழகிய தொலைக்கருவியே போதுமாயிற்று.

நேற்று மாலை நான் வீடு திரும்பியபோது, தந்தையார் திரையிலே பேசிக்கொண்டிருந்தார்.

"ஆரையும் கேக்கேல்லை, நானே போட்டனான்" என்றார் அன்னையார்.