உங்களுக்குத் தெரியுமா? பாடம் நடத்துகிறவர்களின் படபடப்பு!

ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ் என்று தினமும் புலம்புகிறோமே, அந்த ஆராய்ச்சிக்கு விதை விழுந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான்! கனடாவின் மெக்கில். ஆராய்ந்தவர் ஹான்ஸ் செல்யே. எலிகளைப் பாடாய்ப் படுத்திப் பார்த்தார். வயிற்றில் புண்! 1936 ஜூலை 4-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அப்போது வயது வெறும் 29!

வேலையில் ஒரு மனிதர் எவ்வளவு நொந்து போயிருக்கிறார் என்பதை அளக்கவும் ஓர் அளவுகோல் உண்டு! 1981-ல் வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியை கிறிஸ்டினா மாஸ்லாக். மொத்தமே 22 கேள்விகள்தான்!

இந்த மாஸ்லாக் யார் தெரியுமா? இதைக் கேட்டால் அசந்துவிடுவீர்கள்! 1971-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களையே கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்த சிறைச் சோதனை நடந்ததே, அதை நேரில் பார்த்துக் கொதித்துப்போய் நிறுத்தச் சொன்னவர்! இரண்டு வாரம் நடக்கவேண்டியது ஆறே நாளில் மூட்டை கட்டியது. நடத்திய பேராசிரியர் ஸிம்பார்டோவைத் திட்டித் தீர்த்தவர், மறு வருடம் அவரையே மணந்துகொண்டார்!

வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவரா நீங்கள்? பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல்! சொல்வது உலக சுகாதார நிறுவனம்.

இப்போது பிரிட்டனுக்கு வாருங்கள். 2021-ல் அங்கே பல்கலைக்கழக ஊழியர்கள் 2,046 பேரிடம் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மனச்சோர்வுக்கான அறிகுறி 53 சதவீதம் பேருக்கு! பாதிக்கும் மேல்! “தினம் தினம் வேலை என்னை உறிஞ்சிவிடுகிறது” என்ற நிலையில் 29 சதவீதம் பேர்! உதவி கேட்கவேண்டியதுதானே? கேட்டால் பலவீனமானவர் என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 59 சதவீதம்! ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லும் ஆசிரியர்கள்! நெஞ்சு பதறுகிறது!

அதே பிரிட்டனில் 2009 முதல் 2015-க்குள் கவுன்சலிங்குக்கு அனுப்பப்பட்ட பல்கலைக்கழக ஊழியர்களின் எண்ணிக்கை 77 சதவீதம் அதிகரித்தது. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில் மட்டும் 300 சதவீதத்துக்கும் மேல்!

2022 நவம்பரில் அங்கே பொறுத்தது போதும் என்று வேலைநிறுத்தம்! 150 பல்கலைக்கழகங்கள்! 70,000 பேர்!

கடவுள் துகள் என்றதும் நினைவுக்கு வரும் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் ஹிக்ஸ் சொன்னதைக் கேளுங்கள். “கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் இந்தக் காலத்தில் எனக்கு வேலையே கிடைத்திருக்காது” என்ற பொருளில் பேசினார். எப்போது? நோபல் பரிசு பெற்ற அதே 2013-ல்! 1964-க்குப் பிறகு அவர் எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு!

பேராசிரியர்களுக்கு ஏழு வருடத்துக்கு ஒருமுறை நீண்ட விடுப்பு தரும் வழக்கத்தை ஹார்வர்ட் ஆரம்பித்தது 1880-ல்! பாதிச் சம்பளமும் உண்டு! எதற்காகத் தெரியுமா? வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்த ஒருவரை இழுத்துவர! யார் அவர்? சமஸ்கிருதப் பேராசிரியர் சார்லஸ் லான்மன்! வந்தாரா? வந்தார்! ஹார்வர்டில் எத்தனை வருடம் பாடம் நடத்தினார்? 46!