காயலான் கடைக்கும் கண்காட்சிக்கும் நடுவே மைசூர் மோட்டார் சைக்கிள்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: பதினைந்து ஆண்டுகள் நிறைந்த மோட்டார் சைக்கிள் அரசின் பார்வையில் பழைய வாகனம். ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டால் அதுவே பாரம்பரிய வாகனம். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு அதற்குச் சட்டத்தில் தனிப் பெயர் எதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் மைசூரில் பிறந்த யெஸ்டி வண்டிகளில் பெரும்பாலானவை இன்று சிக்கிக்கொண்டுள்ளன. அவற்றைப் பழுதுபார்த்துப் பேணுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் உடன் சிக்கிக்கொண்டுள்ளனர்.

வளர்ந்த நாடுகளில் பழைய இயந்திரங்களைப் புதுப்பிப்பது பரவலான பொழுதுபோக்கு. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் புல் வெட்டவும் பனி அள்ளவும் பயன்பட்ட சிறு டிராக்டர்களைக்கூட விட்டுவைப்பதில்லை. ஜான் டீர் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த 110 என்ற தோட்ட டிராக்டரைத் தேடிப்பிடித்து, துருவைச் சுரண்டி, பழைய வண்ணத்தையே பூசி ஓட விடுகிறவர்கள் அங்கு உண்டு. இந்தியாவில் அத்தகைய தோட்ட டிராக்டர் வேரூன்றவில்லை. நடுத்தரக் குடும்பம் சீட்டுக் கட்டியும் கடன் வாங்கியும் வாங்கிய இயந்திரம் இங்கு மோட்டார் சைக்கிள்தான். ஆகவே அந்த ஆர்வமும் இங்கு இருசக்கர வாகனத்தின் மீதே திரும்பியது.

அரண்மனை நகரில் ஓர் ஆலை

மைசூரின் வடமேற்கில் இருக்கிறது ஹெப்பாள் தொழிற்பேட்டை. இன்று அப்பெயரைச் சொன்னால் இன்போசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகமே பலருக்கும் நினைவுக்கு வரும். கணினி வருவதற்கு முன்பே இந்நகரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற ஆலை ஒன்று, இங்கிருந்து சிறிது தொலைவில் யாதவகிரியில் இயங்கியது. அதுதான் ஐடியல் ஜாவா.

பம்பாயைச் சேர்ந்த பார்சி தொழிலதிபர்களான இரானி குடும்பத்தினர், 1950களில் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஜாவா வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுவந்தனர். இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும், உள்நாட்டிலேயே தயாரிப்பது என முடிவு செய்தனர். 1960இல் மைசூரில் நிறுவனம் அமைந்தது; மறு ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. ஆலையைத் திறந்துவைத்தவர் அன்றைய மைசூர் மாநில ஆளுநர் ஜயசாமராஜேந்திர உடையார். பின்னாளில், 1964 முதல் 1966 வரை, சென்னை மாகாண ஆளுநராகவும் இருந்தவர் அவர்.

ஜாவா என்ற பெயர், 1929இல் அந்நிறுவனத்தைத் தொடங்கிய யானெச்செக் என்பவரின் பெயரையும், அவர் உரிமம் பெற்ற ஜெர்மானிய வாண்டரர் வண்டியின் பெயரையும் சேர்த்து உருவானது. மைசூர் ஆலை 1973 முதல் தன் வண்டிகளுக்கு யெஸ்டி என்று பெயரிட்டது. 1978இல் வந்த ரோட்கிங் அதன் புகழ்பெற்ற வண்டி. சென்னைக்கு அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்த தலைமுறைக்கு அதன் ஓசை மறந்திருக்காது.

எண்பதுகளின் நடுவில் காற்று மாறியது. ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவில் 100 சி.சி. வண்டிகள் வரிசையாக வந்தன. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டாவின் நான்கு வீச்சு இயந்திரம் பெட்ரோலை மிச்சப்படுத்தியது. பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிக்கும் இரண்டு வீச்சு யெஸ்டியால் அதனுடன் போட்டியிட இயலவில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. 1996இல் ஆலை மூடப்பட்டது. நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குச் சென்றது. யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போனது.

இயந்திரம் போனாலும் கை போகவில்லை

ஆலை மூடப்பட்டாலும் தொழில் தெரிந்த கைகள் ஊரிலேயே இருந்தன. அங்கு வேலை பார்த்தவர்களிடமும் அவர்களிடம் கற்றவர்களிடமும்தான் இந்த வண்டியின் நெளிவுசுளிவுகள் தங்கின. மற்ற வண்டிகளை மட்டும் அறிந்த மெக்கானிக் இதில் தடுமாறுவது இயல்பு. இதில் கிக்கரும் கியரும் ஒரே லிவர். வண்டியைக் கிளப்பியதும் அதே லிவரை முன்பக்கம் மடித்தால் அது கியர் மாற்றும் லிவராகிவிடும். கையால் கிளட்ச் பிடிக்காமலே, காலால் கியரை மாற்றும்போது கிளட்ச் தானே விடுபடும் ஏற்பாடும் உண்டு. சிலிண்டர் ஒன்றுதான், சைலன்சரோ இரண்டு.

இத்தகைய வண்டி ஒன்றை மீட்டெடுப்பது பல மாத வேலை. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும், உட்புறம் துருவேறியிருக்கும். கார்புரேட்டரின் நுண்துளைகள் அடைபட்டிருக்கும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். கிராங்க் உறையின் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடித்திருந்தால் காற்று புகுந்து இயந்திரம் சூடேறும். கிடைக்காத உதிரிபாகத்தை லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். டேங்கின் பக்கங்களுக்குக் குரோமியம் முலாம் பூச வேண்டும். ஹெப்பாள் போன்ற தொழிற்பேட்டைகள் இருக்கும் ஊரில் இந்த வேலைகளுக்கு ஆள் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் ஊராக அலைய வேண்டியிருக்கும்.

ஆண்டுதோறும் ஜூலை மாத இரண்டாவது ஞாயிறன்று, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் ஜாவா தினம் கொண்டாடப்படுகிறது. 2018இல் ஜாவா, 2022இல் யெஸ்டி என இரு பெயர்களும் மீண்டும் சந்தைக்கு வந்ததற்கு, இந்த ஆர்வலர்கள் அப்பெயர்களை மறக்கவிடாமல் வைத்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் புதிய வண்டிகள் தயாராவது மைசூரில் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில்.

தில்லியில் எழுதப்பட்ட விதி

2021 மார்ச் 18 அன்று மக்களவையில் வாகனக் கழிவுக் கொள்கையை அறிவித்தார் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. வயதை மட்டும் வைத்து அன்று, தகுதிச் சோதனையில் தேறாத வாகனங்களையே கழிப்பது என்பது அதன் அடிப்படை. ஆனால் கட்டணம் வயதைப் பொறுத்து ஏறுகிறது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 2,000 ரூபாய் ஆயிற்று.

பாரம்பரிய வாகனங்களுக்கான தனி விதிகள் 2021 ஜூலையில் வெளியாயின. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வாகனங்களும் கார்களும் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

அரண்மனைக் கொட்டகையில் நிற்கும் வெளிநாட்டுக் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை போலவே இவ்விதிகள் தோன்றுகின்றன. ஜாவா என்ற பெயரில் வந்த பழைய வண்டிகள் ஐம்பதைக் கடந்துவிட்டன. ஆனால் முதல் ரோட்கிங் வண்டிக்கு ஐம்பது நிறைவது 2028இல்தான். ஆலையிலிருந்து கடைசியாக வந்த வண்டி 2046 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது வெறும் பழைய வண்டியே.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சட்டகத்திலோ இயந்திரத்திலோ கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது. சிலிண்டரைக் கடைவது பராமரிப்பா, மாற்றமா? இதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் ஊருக்கு ஒரு நியாயமாகிவிடும்.

டிராக்டரின் நிலையோ இன்னும் மோசம். பாரம்பரிய வாகன விதிகளின் வரம்புக்குள் அது வரவே இல்லை. 1959இல் ஃபரீதாபாதில் வெளிவந்த ஐஷர், 1960இல் தொடங்கப்பட்ட சென்னை டாஃபேயின் முதற்கால வண்டிகள், ஜாவாவைப் போலவே செக்கோஸ்லோவாகியத் தொழில்நுட்பத்தில் பிஞ்ஜோரில் உருவான எச்.எம்.டி. ஆகியவை பசுமைப் புரட்சியின் சாட்சிகள். இவற்றில் ஒன்றைப் புதுப்பித்து வைத்திருப்பவருக்குத் தனிப் பதிவெண்ணும் இல்லை, தனிச் சலுகையும் இல்லை.

மறுபக்கமும் உண்டு

எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு வீச்சு இயந்திரம் எரியாத எரிபொருளையும் எண்ணெயையும் புகையோடு வெளியே தள்ளுகிறது. குளிர்காலத்தில் மூச்சுத் திணறும் தலைநகரில் இருந்துகொண்டு அதை மறுக்க இயலாது. தில்லி வட்டாரத்தில் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் வழங்கத் தடை வந்து, எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. எனினும், ஞாயிறு காலையில் மட்டும் வெளியே வரும் ஒரு வண்டியையும் நாள் முழுவதும் ஓடும் வண்டியையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது.

எரிபொருளும் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இன்று நாடெங்கும் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் பாகங்களையும் உலோகத்தையும் அரிக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது கூடுதல் ஆபத்து. கரும்பு விவசாயிக்குப் பயன் தரும் திட்டம் என்பதால் அதை எதிர்ப்பவர் குறைவு. பழைய வண்டிகளுக்கென எத்தனால் கலக்காத பெட்ரோலைச் சில நிலையங்களிலாவது கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்வது அரசால் இயலாத காரியம் அல்ல.

உறுப்பினர்கள் கையில்

மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுக்கும் ஒவ்வொரு விதியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். திருத்தம் கோரும் உரிமை அவைகளுக்கு உண்டு. நடைமுறையில் அந்தத் தாள்கள் மேசையில் வைக்கப்படுவதோடு சரி.

இப்போது அவையில் அதற்கேற்ற குரல்களும் இருக்கின்றன. ஆலையைத் திறந்துவைத்த அரச குடும்பத்தின் வாரிசான யதுவீர் உடையார், 2024 முதல் மைசூர் தொகுதியின் மக்களவை உறுப்பினர். 2022இல் இளையராஜாவுடன் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்டே, மைசூருக்கு அருகே பழைய கார்களுக்கென ஓர் அருங்காட்சியகத்தையே அமைத்தவர். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்க, தமிழக உறுப்பினர்களுக்கும் இது அந்நியமான பொருள் அன்று.

கேட்க வேண்டியவை சிலவே. முப்பது ஆண்டுகளைக் கடந்து பேணப்படும் வாகனங்களுக்கு, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்புடன் ஓர் இடைநிலைப் பதிவு வேண்டும். பராமரிப்பு எது, மாற்றம் எது என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். டிராக்டரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். கணினிக்கு ஏறாத பழைய பதிவேடுகளால் அலைக்கழியும் உரிமையாளர்களுக்குக் காலவரம்புடன் தீர்வு வேண்டும்.

இவற்றால் கருவூலத்துக்கு இழப்பு இல்லை. தாமதித்தால் இழப்பு உண்டு. ஆலையின் வேலையை நேரில் கற்ற கைகள் முதுமை அடைந்துவருகின்றன. விதி திருந்தும்வரை வண்டி கொட்டகையில் காத்திருக்கும். அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.