வீட்டுக் கணினிக்குத் தனியாக ஒரு ஃபயர்வால் தேவையா?

பெற்றோர் சந்திப்பு முடியும் நேரத்தில் ஒரு தாயார் கேட்டார்: "டீச்சர், மகனுக்கு லேப்டாப் வாங்கப் போனோம். ஃபயர்வால் சாஃப்ட்வேர் தனியா போடணும், வருஷா வருஷம் பணம் கட்டணும்னு கடையில சொல்றாங்க. சாதாரண நிலைத் தேர்வு வேற வருது. போட்டுத்தான் ஆகணுமா?"

நான் தமிழாசிரியர், கணினி நிபுணர் அல்லர். ஆனாலும் இந்தக் கேள்வியை ஒதுக்க முடியவில்லை. மின்னிலக்கப் பாதுகாப்பு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் "கணினியில் ஃபயர்வால் போட்டுக்கொள்ள வேண்டும்" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்தால்தான் கட்டுரையும் வளரும், வீட்டுச் செலவும் குறையும்.

ஃபயர்வால் செய்யும் வேலை

கட்டடத்தின் ஒரு பகுதியில் பிடித்த தீ மறுபகுதிக்குப் பரவாமல் தடுக்கும் சுவரின் பெயரைத்தான் கணினித் துறை எடுத்துக்கொண்டது. தமிழில் தீயரண், தீச்சுவர் என்கிறோம்.

தேக்கா சந்தையை ஒட்டி, பஃபலோ ரோட்டில் இருக்கும் ஒரு வீவக புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புளோக் எண் இருந்தால் கட்டடத்தைக் கண்டுபிடிக்கலாம். வீட்டு எண் இருந்தால்தான் சரியான கதவைத் தட்டலாம். இணையத்தில் கணினியின் ஐபி முகவரி புளோக் எண் மாதிரி. 'போர்ட்' எனப்படும் எண்கள் வீட்டு எண்கள் மாதிரி. அவை 65,535 வரை போகும். பாதுகாப்பான இணையத்தளங்களுக்கு 443, விண்டோஸில் கோப்புகளைப் பகிர 445 என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு.

தீயரண் அங்கே உட்கார்ந்திருக்கும் காவலர். நீங்கள் கூப்பிட்ட ஆளா என்று பார்த்து உள்ளே விடுவார். கூப்பிடாமல் வந்து கதவு கதவாகத் தட்டுபவரைத் திருப்பி அனுப்புவார். அடிப்படை வேலை இவ்வளவுதான்.

அந்த ஆலோசனை எங்கிருந்து வந்தது?

கடைக்காரர் சொன்னது ஒரு காலத்தில் நல்ல ஆலோசனைதான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தீயரண் இருந்தது. ஆனால் பொதுவாக அணைந்தே கிடந்தது. 2003 ஆகஸ்ட்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு பரவியபோது, யாரும் எதையும் திறக்கவோ சொடுக்கவோ தேவைப்படவில்லை. பாதுகாப்பில்லாத கணினியை இணையத்தில் இணைத்தாலே போதும், புழு உள்ளே வந்துவிடும். அதனால்தான் அப்போது 'சோன்அலார்ம்' போன்ற மென்பொருள்களைப் பலரும் தேடிப் போட்டார்கள்.

மறு ஆண்டே நிலைமை மாறியது. 2004 ஆகஸ்ட்டில் வந்த 'சர்வீஸ் பேக் 2' விண்டோஸின் சொந்தத் தீயரணை இயல்பாகவே இயங்க வைத்தது. அதன் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆலோசனை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு அரண்கள்

முதலாவது, வீட்டு வைஃபை ரௌட்டர். வீட்டுக் கருவிகள் எல்லாம் பொதுவாக அதன் ஒரே முகவரியில்தான் வெளியே தெரிகின்றன. கூப்பிடாமல் வரும் இணைப்பை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரௌட்டருக்குத் தெரியாது. அதனால் அது வாசலிலேயே நின்றுவிடும். 2021 ஏப்ரல் முதல், இங்கே விற்பனைக்கு வரும் வீட்டு ரௌட்டர்களுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு ரௌட்டருக்கும் தனிக் கடவுச்சொல், தானாக இறங்கும் மேம்பாடுகள் ஆகியவை அவற்றில் அடங்கும்.

இரண்டாவது, கணினியிலேயே இருக்கும் தீயரண். விண்டோஸில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பகுதியைத் திறந்தால், அது இயங்குகிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேக் கணினியில் அது பொதுவாக அணைந்த நிலையில் வரும். 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'நெட்வொர்க்', 'ஃபயர்வால்' என்று போய் இயக்கிவிட வேண்டும். இரண்டுக்கும் காசு கிடையாது.

இதற்கு மேல் மூன்றாவதாக ஒன்றை விலைக்கு வாங்குவதால் சாதாரண வீட்டுப் பயனாளருக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு. சில நேரம் தொல்லைதான் மிஞ்சும். இரண்டு தீயரண்கள் ஒன்றோடொன்று மோதி இணைப்பு அறுபடலாம். "இதை அனுமதிக்கவா?" என்று அடிக்கடி கேட்டால், பிள்ளைகள் படிக்காமலேயே 'சரி' அழுத்தப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் ஆபத்து.

காவலர் தடுக்க முடியாதவர்கள்

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் பரவிய குறுஞ்செய்தி மோசடி நமக்கெல்லாம் நினைவிருக்கும். போலிச் செய்தி, வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்தது. மக்கள் இணைப்பைத் தொட்டு, போலித் தளத்தில் தாங்களே விவரங்களைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள் இழந்தது 13.7 மில்லியன் வெள்ளி.

உலகின் விலை உயர்ந்த தீயரணை அவர்கள் வீட்டில் போட்டிருந்தாலும் இது நடந்திருக்கும். ஏன்? போலித் தளத்துக்குப் போகச் சொன்னது வீட்டுக்காரரே. காவலர் பார்வையில் அது நாம் கூப்பிட்ட விருந்தாளி. தொலைபேசியில் பேசி, "கணினியைச் சரிசெய்கிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்" என்று சொல்லித் திரையைத் தன் வசமாக்குபவர் கதையும் இதேதான். வாசல் உடைக்கப்படவில்லை; உள்ளிருந்து திறக்கப்பட்டது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் சொடுக்கும் இணைப்புகளை நீக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் முடிவானது. செய்தி அனுப்பப்படும் முறையே மாற்றப்பட்டது என்பதைக் கவனியுங்கள். யாரையும் புதிய ஃபயர்வால் வாங்கச் சொல்லவில்லை.

13,000 மாணவர்கள் கற்ற பாடம்

நம் பள்ளிகளுக்கு இன்னும் நெருக்கமானது 2024 ஆகஸ்ட்டில் நடந்தது. மாணவர்களின் தனிநபர் கற்றல் சாதனங்களை நிர்வகிக்கப் பயன்பட்ட 'மொபைல் கார்டியன்' செயலியின் தளத்துக்குள் ஒருவர் ஊடுருவினார். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் ஐபேட்களிலும் குரோம்புக்குகளிலும் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கும் நேரம். கல்வி அமைச்சு அந்தச் செயலியைச் சாதனங்களிலிருந்து நீக்கியது.

இங்கும் தீயரணால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அழிக்கச் சொன்ன கட்டளை, சாதனம் நம்பிய வழியிலேயே வந்தது. அப்படியானால் மாணவர்களைக் காப்பாற்றியது எது? நகல். குறிப்புகளை இணையச் சேமிப்பிலோ வேறிடத்திலோ வைத்திருந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவரால் எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை. ஒரு வருடம் எழுதிச் சேர்த்த குறிப்புகள் தேர்வுக்கு முன் காணாமல் போவது எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் யாருக்குத் தேவைப்படும்?

வீட்டிலிருந்தே சர்வர் நடத்துபவர்கள், வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழையும் வசதியைத் திறந்து வைத்திருப்பவர்கள், எந்தச் செயலி வெளியே எதை அனுப்புகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்காணிக்க விரும்புபவர்கள் கூடுதல் ஏற்பாட்டை யோசிக்கலாம். வைரஸ் தடுப்புத் தொகுப்போடு சேர்ந்து ஒரு தீயரண் வந்திருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் சந்தா முடிந்ததும் விண்டோஸின் சொந்தத் தீயரண் மீண்டும் இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வாங்குவதற்குப் பதில் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் மேம்பாடுகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய 'வானாகிரை' தாக்குதல் நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைப்பு கொடுத்திருந்தது. அதைப் போடாத கணினிகளே மாட்டிக்கொண்டன.
2. மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வையுங்கள்.
3. தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டே பொது வைஃபையில் இணைந்தால், விண்டோஸில் 'பப்ளிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தீயரண் இன்னும் கறாராக நடந்துகொள்ளும்.
4. முக்கியமான குறிப்புகளுக்கு வாரம் ஒரு நகல் எடுங்கள்.
5. சந்தேகமான செய்தி வந்தால், தொடாமல் 1799 என்ற உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "வேண்டாம்மா. உள்ள இருக்கறது ஓடுதான்னு மட்டும் பாருங்க. அந்தப் பணத்துல ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக் குடுங்க. தம்பியோட நோட்ஸை வாராவாரம் அதுல போட்டு வைக்கச் சொல்லுங்க."

வகுப்பறைக்கு

சொற்கள்: தீயரண், ஊடுருவல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, கடவுச்சொல், மேம்பாடு, நகல், மோசடி, விழிப்புணர்வு.

கலந்துரையாட:
- "பூட்டு வாங்குவது எளிது; கதவைத் திறக்கும் முன் யோசிப்பதுதான் கடினம்." இக்கருத்தை உன் குடும்பத்தில் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குக.
- இணைய மோசடியைத் தடுக்கும் பொறுப்பு அதிகமாக யாருக்கு: பயனாளருக்கா, நிறுவனங்களுக்கா? மேலே உள்ள இரண்டு சிங்கப்பூர் நிகழ்வுகளையும் சான்றாகக் காட்டி எழுதுக.