அம்மா போடாத கையெழுத்து

பத்ராசலம் என்றதும் ராமர் கோவில் நினைவுக்கு வரும். கோதாவரிக் கரையில் உள்ள ஊர். சுற்றிலும் காடு. பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதி. அங்குள்ள பெண் குழந்தைகள் பலர் சர்க்கார் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள்.

2009-ம் ஆண்டில் இந்தப் பகுதிக்குப் புதிதாக ஓர் ஊசி மருந்து வந்தது.

அப்போது பத்ராசலம், ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் இருந்தது. (இப்போது தெலுங்கானாவைச் சேர்ந்தது.) அந்த மாவட்டத்தில் 10 வயது முதல் 14 வயது வரை உள்ள சுமார் 14 ஆயிரம் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். கர்ப்பப்பை வாயில் வரும் புற்று நோயைத் தடுக்கும் ஊசி அது. "பாத்" என்ற அமெரிக்க ஸ்தாபனம் இதை நடத்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில சர்க்காரும் அதில் பங்கு கொண்டன. குஜராத்திலும் இதுபோல் நடந்தது.

காசு வாங்காமல் ஊசி போடுகிறார்கள். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால், யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

காலி இடம்

7 சிறுமிகள் இறந்து போனார்கள். 2010 ஏப்ரலில் மத்திய சர்க்கார் ஊசி போடுவதை நிறுத்தியது. விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சாவுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்று குழு சொல்லியது. ஆனால், சம்மதப் படிவங்களைப் புரட்டிய போது வேறு ஒரு கதை வெளிவந்தது.

ஆந்திராவில் 9,543 படிவங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர், அம்மாவும் அல்ல, அப்பாவும் அல்ல. விடுதிக் காப்பாளர்! 1,948 படிவங்களில் கைநாட்டு.

கைநாட்டு வைப்பது குற்றம் இல்லை. எழுதத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்? ஆனால் பக்கத்தில் சாட்சி கையெழுத்து வேண்டும். பல படிவங்களில் சாட்சியின் இடம் காலியாக இருந்தது.

காப்பாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும், பெற்றவள் உயிரோடு இருக்கும்போது அவளைக் கேட்காமல் சம்மதம் கொடுக்க அவர் யார்?

"இது மருந்துச் சோதனையே அல்ல" என்று ஸ்தாபனம் வாதாடியது. பாராளுமன்றக் குழு அதை ஏற்கவில்லை. 2013 ஆகஸ்டில் கடுமையான அறிக்கை கொடுத்தது.

இதைப் படித்து விட்டு அந்த ஊசியைக் கண்டு பயப்பட வேண்டாம். பல நாடுகளில் சிறுமிகளுக்கு அதைப் போடுகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் போடச் சொல்கிறது. பிசகு ஊசியில் இல்லை; கேட்காமல் போட்டதில்தான்.

இப்போது என்ன சட்டம்?

மருந்துச் சோதனைக்கு என்று 2019-ல் புதிய விதிகள் வந்தன. அதன்படி, என்ன மருந்து, எதற்காக, என்ன கெடுதல் வரக்கூடும் என்பதை உங்களுக்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கம் சொல்லும் நேரம் முழுவதும் ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். அந்தச் சாட்சி, சோதனை நடத்துகிறவர்களின் ஆளாக இருக்கக் கூடாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். விவரம் புரியும் வயதில் உள்ள பிள்ளையையும் கேட்க வேண்டும்.

"வேண்டாம்" என்று சொல்லலாம். பாதியில் விலகலாம். "விலகினால் வைத்தியம் பார்க்க மாட்டோம்" என்று டாக்டர் சொல்ல முடியாது. மருந்தால் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சை உண்டு. நஷ்ட ஈடும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. "அந்த வீட்டுப் பெண்ணுக்கு இன்ன வியாதியாம்" என்று ஊரில் பேச்சு எழுந்தால் என்ன ஆகும்? கல்யாணமே நின்று போகும்! அதற்காகத்தான் உங்கள் பெயரை வெளியிடக் கூடாது என்ற விதி இருக்கிறது. சோதனை நடத்துகிறவர்களும், அதை மேற்பார்க்கும் குழுவும், சர்க்கார் அதிகாரிகளும் உங்கள் ஆஸ்பத்திரிக் குறிப்பைப் பார்க்கலாம். ஆனால், சோதனையின் முடிவு அச்சில் வரும்போது இன்னார் என்று தெரியக் கூடாது.

கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் ஒன்றை உங்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியில் அதையும் வையுங்கள்.