உங்களுக்குத் தெரியுமா? கடல் இல்லாத ஊரில் கடல் அருங்காட்சியகம்

திருமழபாடியில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது கொள்ளிடம்தான். கடலைப் பார்க்கக் கிழக்கே நெடுந்தூரம் போகவேண்டும். ஆனால் வடக்கே அரியலூர்ப் பக்கம் போனால், கடல் காலடியிலேயே கிடக்கிறது. தண்ணீர் மட்டும் வற்றிவிட்டது! டைனோசர்கள் உலவிய காலத்தில் இந்த மண்ணின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. இங்குள்ள சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போன வண்டல். உங்கள் வீட்டுச் சுவரிலும் கொஞ்சம் அரியலூர்க் கடல் இருக்கலாம்.

*

கடற்கரை நகரங்களில் சங்கும் சிப்பியும் காட்டும் அருங்காட்சியகம் இருப்பது புதிதல்ல. கரையே இல்லாத அரியலூர் மாவட்டத்தில், வாரணவாசியில், புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த வட்டாரத்துக் கல்லில் அதிகம் பேசப்படுவது அம்மோனைட். பார்த்தால் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும்; உறவு முறையில் நத்தையைவிடக் கணவாய்க்குத்தான் நெருக்கம். டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டி இந்த இனமும் பூண்டோடு அழிந்தது.

*

லண்டன்காரர்களுக்கு இந்தக் கல் நம்மவர்களுக்கு முன்பே அறிமுகம். கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவில் சேகரித்த புதைபடிவங்களை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அறிக்கை வெளியிட்டார். பின்னர் புவியியலாளர் பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பெயர் வைத்தபோது, ஓர் அடுக்குக்கு அரியலூர் என்றே பெயர் கொடுத்தார். புவியியல் மாணவர்களுக்கு அரியலூர் ரயில் நிலையத்தின் பெயர் மட்டுமல்ல.

*

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-ல் இதை உலகுக்குக் காட்டியவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன்.

*

இனி ஒரு வருத்தமான சேதி. அரியலூர் அருகே கல்லமேட்டில் மிகப் பெரிய டைனோசர் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பிருஹத்காயம் என்றால் பேருடல். கணக்கிட்டவர்கள் சிலர் அதை நீலத் திமிங்கிலத்தோடு ஒப்பிடுகிறார்கள். சரிபார்க்கத்தான் வழியில்லை. எலும்புகள் நொறுங்கி மண்ணோடு மண்ணாகிவிட்டன. மிஞ்சியவை படங்களும் அளவுக் குறிப்புகளும்தான்.

*

ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே வட்டாரத்தில் இன்னும் கவனமாக இருந்திருக்கிறார்கள். திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். கூடவே இன்னொரு கட்டளை: இடிப்பதற்கு முன், சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துவிட வேண்டும். அந்தப் படி பத்திரமாக இருந்தது. அவன் மகன் இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இந்தக் கதையைச் சொல்வதும் அதே கோயிலின் கல்வெட்டுதான். அருங்காட்சியகம் என்ற சொல் பிறக்காத காலத்திலேயே ஆவணக் காப்பு நடந்திருக்கிறது. பழைய கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசும் திருப்பணிக்காரர்கள் ஒருமுறை மழபாடி வந்து போகலாம்.

*

பக்கத்திலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். அங்குள்ள அடைக்கல மாதா மேல் ஒரு கலம்பகமே பாடினார்.

*

பங்குனி புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்தி கல்யாணம். மாப்பிள்ளை நந்திக்குத் திருவையாறு, மணப்பெண் சுயசாம்பிகை. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். வீட்டில் வரன் தேடுகிறவர்கள் அவசியம் போவார்கள். போகிறவர்கள் அப்படியே வாரணவாசியையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வழியில் சுருள் ஓடு பதிந்த கல் கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.